கடல்மேல் ஒரு பாவசங்கீர்த்தனம்

மறைப்பணிக்கெனத் தாயகம் துறந்து செல்லும் குருவுக்கு என்னென்ன தேவை? பணம், மருந்து, ஆலயம் எழுப்பக் கல்லும் மரமும் என்று நாம் கணக்கிடுவோம். மறைபரப்பு ஞாயிறன்று நாம் இடும் காணிக்கையும் இந்தக் கணக்கைச் சார்ந்ததே. நல்ல கணக்குத்தான், ஆயினும் முழுக் கணக்கு அன்று. மொலோக்காய்த் தீவில் 16 ஆண்டுகள் தொழுநோயாளரிடையே வாழ்ந்து மரித்த தந்தை தமியானின் வரலாறு, அதில் விடுபட்டதை நமக்கு உணர்த்துகிறது.

பெல்ஜியம் நாட்டின் திரெமலோ சிற்றூரில், 1840 ஜனவரி 3 அன்று உழவர் குடும்பத்தில் பிறந்தவர் தமியான். இயேசு மரியின் திரு இருதயங்கள் சபையில் சேர்ந்தார். ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லவிருந்தவர் உண்மையில் அவருடைய அண்ணன் பம்பீல். அவரும் அதே சபையினர். அண்ணன் காய்ச்சலில் விழவே, இன்னும் குருப்பட்டம் பெறாத தம்பி அந்த இடத்தைக் கேட்டுப் பெற்றார். 1864 மார்ச் 19 அன்று ஹொனலூலுவில் கரையிறங்கினார். அவ்வாண்டு மே 21 அன்று அந்நகர்ப் பேராலயத்தில் குருவாக அருட்பொழிவு பெற்றார்.

அந்நாளில் ஹவாய் ஒரு தனி அரசு. தொழுநோய் பரவுவதைக் கண்டு அஞ்சிய அவ்வரசு, நோயுற்றோரைப் பிரித்து வைக்க 1865இல் சட்டம் இயற்றியது. மூன்று புறம் கடலும் ஒரு புறம் செங்குத்தான மலைச்சுவரும் சூழ்ந்த மொலோக்காயின் வட கரைக்கு 1866 முதல் அவர்கள் அனுப்பப்பட்டனர். ஆயர் மெக்ரே, அங்குச் செல்ல முன்வருவோர் உண்டோ எனக் கேட்டபோது நால்வர் முன்வந்தனர். முறைவைத்து ஒருவர்பின் ஒருவராகச் சென்று வருவதே ஏற்பாடு. முதல் முறை தமியானுடையது. 1873 மே 10 அன்று சென்ற அவர், அங்கேயே தங்கிவிட்டார்.

அவருடைய அன்றாடப் பணியை எண்ணினால் வியப்பு மேலிடும். தங்க வீடில்லாத முதல் நாள்களில் ஒரு தாழை மரத்தடியே அவருக்கு இல்லமாயிற்று. காலையில் செபம், திருப்பலி. பின்னர் குடிசை குடிசையாகச் சென்று புண்களைக் கழுவிக் கட்டுவார். மரிப்போருக்கு நோயில்பூசுதல் அளிப்பார். பிற்பகலில் அவர் கையில் உளியும் வாளும் இருக்கும். வீடுகள் கட்டினார், குழாய் வழியே நீர் கொண்டுவர உழைத்தார், ஆலயத்தைப் பெரிதாக்கினார், சவப்பெட்டி செய்தார், கல்லறையும் தோண்டினார். புண்களின் நாற்றத்தைத் தாங்கப் புகைக்குழாய் பிடித்ததாக அவரே எழுதியுள்ளார். மறையுரையில் மக்களைத் தம்மிடமிருந்து பிரித்துப் பேசாமல், 'தொழுநோயாளராகிய நாம்' என்றே சொல்லிவந்தார். அப்போது அவர் உடலில் நோய் இல்லை.

இத்தனைக்கும் நடுவே அவர் ஏங்கிய ஒன்று உண்டு: தம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஒரு குரு. அவர் வெளியே செல்ல அரசு தடை விதித்திருந்தது. ஒருமுறை சபையின் மேலாளர் கப்பலில் வந்தார். அவரைக் கரையிறங்க விடவில்லை. தமியானைக் கப்பலில் ஏறவும் விடவில்லை. படகில் இருந்தபடியே, மேலே நின்றவர் செவியில் விழுமாறு உரத்த குரலில் தம் பாவங்களை அறிக்கையிட்டார் தமியான். மேலிருந்து பாவமன்னிப்பு வழங்கப்பட்டது.

இக்காட்சியில் ஆழ்ந்ததொரு இறையியல் அடங்கியுள்ளது. ஆயிரம் பேருக்குப் பாவமன்னிப்பு அளிக்கும் குருவும் அதைத் தமக்குத்தாமே அளித்துக்கொள்ள இயலாது. பிறர் கையினின்றே அவரும் அதைப் பெற வேண்டும். கொடுப்பவராக மட்டும் வாழ எந்த மறைப்பணியாளருக்கும் இயலாது என்பதைத் திருச்சபை இவ்வாறு அருட்சாதனத்திலேயே பொறித்து வைத்திருக்கிறது.

1884 இறுதியில் கொதிநீர் பட்ட காலில் தமியானுக்கு வலி தெரியவில்லை. மறு ஆண்டு நோய் உறுதியாயிற்று. அதற்குள் அவர் பெயர் உலகெங்கும் பரவியிருந்தது. அரசு விருது அளித்திருந்தது. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையினரும் நிதி திரட்டி அனுப்பினர். பணம் வந்தது, புகழ் வந்தது. நிலையாக உடனிருக்க ஒரு குரு மட்டும் நெடுநாள் வரவில்லை. நற்கருணைநாதர் திருமுன் கழித்த மணிகளே தம்மைத் தாங்கியதாகக் கடிதங்களில் எழுதினார். தமக்காகச் செபிக்குமாறு உறவினரிடம் மீண்டும் மீண்டும் கேட்டார். 1888இல்தான் தந்தை கொன்ரார்டி துணைக்கு வந்தார். அருட்சகோதரி மரியன் கோப்பும் அவ்வாண்டே வந்து சேர்ந்தார். 1889 ஏப்ரல் 15, புனித வாரத் திங்களன்று, 49ஆம் வயதில் தமியான் இறைவனடி சேர்ந்தார். 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதர் என அறிவித்தார்.

லிசியே கார்மேல் மடத்துக்குள் நுழைந்தபின் அதை விட்டு மறைநாடு எதற்கும் செல்லாத புனித குழந்தை தெரேசாவை, 1927இல் திருச்சபை மறைபரப்பின் பாதுகாவலியாக்கியது. அவர் இரு மறைப்பணியாளருக்காகப் பெயர் சொல்லிச் செபித்தார். அவர்களுக்குக் கடிதமும் எழுதினார். இது இல்லறத்தார்க்கும் எளிதே. நம் பங்கிலிருந்து தொலைநாடு சென்ற குருவோ கன்னியரோ இருப்பின், மாலைச் செபமாலையில் அவர் பெயரை ஒருமுறை சொல்லுங்கள்; ஆண்டுக்கு ஒரு மடலேனும் எழுதுங்கள். காணிக்கைத் தட்டில் இட முடியாத துணை அது. தமியான் கேட்டதும் அதைத்தான்.