வயிறு மெத்தென்று இருக்கிறது, வலியோ உயிர் போகிறது



போன மாதம் அக்காவின் காரியத்துக்கு வந்த பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "வயிற்று வலியிலா சார் இறந்துபோனாங்க?" அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. 34 வருஷம் சரித்திரப் பாடம் எடுத்தவன்; எதையும் வருஷத்தோடு தெரிந்துகொண்டால்தான் மனம் ஆறும். இதையும் அப்படியே தேடிப் படித்தேன்.

அவளுக்கு வந்தது குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு. சில வருஷமாகவே இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. அப்படிப்பட்ட இதயத்தில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். கீழே இறங்கினால் குடல். மகாதமனியிலிருந்து குடல் தமனி சாய்வாகக் கிளம்புவதால், கட்டி சுலபமாக உள்ளே நுழைந்துவிடும். சில மணி நேரத்திலேயே குடல் சாகத் தொடங்கும்.

1895-இல் பாஸ்டன் நகரில் எலியட் என்ற அறுவை மருத்துவர், ரத்தம் உறைந்து செத்துப்போன குடலை 48 அங்குலம் வெட்டி எடுத்தார். இரண்டு வாரம் கழித்து முனைகளை இணைத்தார். நோயாளி பிழைத்தார்! ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம் அது. ஆனாலும் அது விதிவிலக்குதான். 1926-இல் லண்டனில் காக்கினிஸ் இந்த நோய்க்கென்றே தனி நூல் எழுதியபோதும், கண்டுபிடிக்கவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது என்றே பெரும்பாலோர் கைவிட்டிருந்தார்கள்.

1936-இல் டன்ஃபி, இந்த நோயில் இறந்த 12 பேரின் பழைய விவரங்களைப் புரட்டினார். 7 பேர் முன்பிருந்தே வயிற்று வலி என்று சொல்லி வந்தவர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தமனி சுருங்கும் வகை அது. சாப்பிட்டால் வலிக்குமே என்று பயந்து, சாப்பாட்டைக் குறைத்து மெலிந்துபோவார்கள். நாம் அல்சர் என்போம்.

குடலை வெட்டாமல் தமனியைத் திறந்து கட்டியை எடுக்கலாம் என்று காட்டியவர் கனடாவின் கிளாஸ். 1951-இல் எழுதினார், குடல் உயிர் பெற்றது, நோயாளி பிழைக்கவில்லை. 1957-இல் பாஸ்டனில் ஷா, ரட்லெட்ஜ் இருவரும் அதே வழியில் வெற்றி கண்டார்கள்.

1970-களில் நியூயார்க்கின் போலி சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வயிறு கல்லாகும்வரை காத்திருக்காதீர்கள், சந்தேகம் வந்ததுமே ஆஞ்சியோகிராம் எடுங்கள் என்றார். பத்தில் ஏழெட்டுப் பேர் இறந்த நோயில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைத்தார்கள். இன்று சி.டி. ஆஞ்சியோகிராம் சில நிமிட வேலை.

அக்காவை முதலில் காட்டிய இடத்தில் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். மெத்தென்று இருந்தது. வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அவளோ சுருண்டு கிடந்தாள். அமுக்கினால் ஒன்றுமில்லை, வலி மட்டும் தாங்க முடியவில்லை என்பதே இந்த நோயின் முதல் அடையாளமாம். அவர்களை மட்டும் சொல்வானேன், நானும் மோரில் பெருங்காயம் கலந்து கொடுத்தேன். மறுநாள் சி.டி. எடுத்தபோது 14 மணி நேரம் கடந்திருந்தது.

இன்னொன்று. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காக நிறுத்தியவள், மறுபடி தொடங்கவே இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அந்த மாத்திரை சாப்பிட்டால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்; நிறுத்தச் சொன்னால், என்றைக்கு மறுபடி தொடங்குவது என்றும் எழுதி வாங்குங்கள்.

டாக்டராகிவிட்ட மாணவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள். சாருக்கு மார்க் குறைத்தாலும் பரவாயில்லை.