துணி வாங்கப் போனவர்கள்

1,250 சதுர மீட்டர் துணி என்று படித்தபோது அதன் அளவு எனக்கு உறைக்கவில்லை. நம்ம ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஐந்தரை கிரவுண்டு வந்தது. கிழக்கு ஜெர்மனியின் பொஸ்னெக் என்ற சிற்றூரைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் அவ்வளவு துணியையும் கடை கடையாக ஏறி இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தன. 1979ஆம் வருடம். மொத்தமாகக் கேட்டால் கடைக்காரருக்குச் சந்தேகம் வரும். கடைக்காரருக்கு வந்தால் அடுத்து ஸ்டாசிக்கு வரும். ஸ்டாசி என்பது அந்த நாட்டின் ரகசியப் போலீஸ்.

அவர்கள் தைத்தது வெப்பக்காற்று பலூன். பீட்டர் ஸ்ட்ரெல்சிக்குக்கு மின்வேலை தெரியும். குந்தர் வெட்செல் கொத்தனார். பலூனை இருவருமே நேரில் பார்த்ததில்லை. முதலில் வாங்கியது பருத்தி. கேம்பிங் கிளப்புக்குக் கூடாரம் தைக்கிறோம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். துணியின் இழை வழியே காற்று ஒழுகியது, பலூன் எழும்பவே இல்லை. அப்புறம்தான் துணியைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்க்க அடுப்பு, எவ்வளவு காற்று கசிகிறது என்று பார்க்க வேக்குவம் கிளீனரும் தண்ணீர் நிரப்பிய குழாயும். எஞ்சினியரிங் படித்த எவனுக்கும் இந்த இடத்தில் புல்லரிக்கும். எனக்கும்தான். நாலு வருடம் லேபில் உட்கார்ந்து நான் செய்த எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது.

இரண்டாவது பலூனில், 1979 ஜூலையில், ஸ்ட்ரெல்சிக் குடும்பம் மட்டும் பறந்தது. மேகத்துக்குள் போனதும் துணி ஈரமாகிக் கனத்தது. எல்லை வேலிக்குச் சுமார் 200 மீட்டர் முன்னால் தரையிறங்கிவிட்டார்கள். பலூனை அங்கேயே போட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வீடு திரும்பினார்கள். பலூனை ஸ்டாசி கண்டெடுத்தது.

மிகாயேல் ஹெர்பிக் 2018இல் எடுத்த ‘பலோன்’ படம் இந்தத் தோல்வியிலிருந்துதான் வேகமெடுக்கிறது. ஹெர்பிக் ஜெர்மனியில் நகைச்சுவைப் படங்களுக்குப் பேர்போனவர். இதை முழுக்க த்ரில்லராக எடுத்திருக்கிறார். கதவு தட்டினாலே பின்னணி இசை அலறும், அது கொஞ்சம் ஓவர்தான். 1982லேயே டிஸ்னி இதே கதையை ‘நைட் கிராஸிங்’ என்று எடுத்திருந்தது. அதில் நல்லவர்கள் இந்தப் பக்கம், கெட்டவர்கள் அந்தப் பக்கம், நடுவில் ஒரு பலூன்.

ஹெர்பிக்கின் படத்தில் என்னைத் தொந்தரவு செய்தது வேறு. விழுந்த இடத்தில் மனைவி டோரிஸின் தைராய்டு மாத்திரை கிடக்கிறது. அதை வைத்து ஸ்டாசி தேடுகிறது: அந்த மாத்திரையை யார் யார் வாங்கினார்கள், எந்த மருந்துக்கடையில், எந்த ஊரில். பட்டியல் சுருங்கிக்கொண்டே வருகிறது. டேட்டாவை வடிகட்டி ஒரு ஆளைக் கண்டுபிடிக்கும் அந்தக் காரியத்தை நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடடா, நல்ல க்வெரி என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன். நான் சம்பளம் வாங்குவதே இதற்குத்தானே. யாருடைய பக்கம் உட்கார்ந்து படம் பார்க்கிறேன் என்று உணரச் சில நிமிடங்கள் ஆயின.

அந்தத் தேடலை நடத்தும் அதிகாரியாக நடித்தவர் தாமஸ் கிரெட்ஷ்மன். அவரே 1980களின் தொடக்கத்தில், இருபது வயதையொட்டி, கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்.

1979 செப்டம்பர் 16 அதிகாலையில் எட்டு பேரும் மூன்றாவது பலூனில் ஏறினார்கள். நான்கு பேர் குழந்தைகள். ஏறியது கூடையில் அல்ல. நடுவில் கேஸ் சிலிண்டர்கள், சுற்றிலும் கயிறு கட்டிய ஓர் இரும்பு மேடை, அவ்வளவுதான். 28 நிமிடம் பறந்தார்கள். கேஸ் தீர்ந்து பவேரியாவில் நாய்லா என்ற ஊருக்குப் பக்கத்தில் இறங்கியபோது எந்தப் பக்கம் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. வயல்கள் சின்னச் சின்னதாக இருந்தன. கிழக்கில் கூட்டுப்பண்ணை என்பதால் வயல்கள் பெரிதாக இருக்கும். பிறகு வந்த போலீஸ் வண்டி ஆடி கார். அதைப் பார்த்துத்தான் உறுதியானது.

தப்பித்தலைப் படம் எடுப்பது எதில் போய் முடியும் என்பதற்கு இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1962இல் பெர்லின் பெர்னவர் வீதிக்கு அடியில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, மாணவர்கள் சுமார் 135 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டினார்கள். பணம் தட்டுப்பாடு. அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி, படமெடுக்கும் உரிமைக்காகப் பணம் கொடுத்தது. கேமரா சுரங்கத்துக்குள் இறங்கியது. செப்டம்பரில் 29 பேர் அந்த வழியாக வந்தார்கள். நல்ல உடை உடுத்தி வந்த ஒரு பெண், முட்டியெல்லாம் சேறாக, ஏணியில் ஏறி வெளிவருவது அதில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. க்யூபா ஏவுகணை நெருக்கடி வேறு குறுக்கே வந்தது. ஒருவழியாக டிசம்பர் 10 அன்று ஒளிபரப்பாகி, எம்மி விருதும் வாங்கியது. இதே கதையை ஜெர்மன் தொலைக்காட்சிக்காக ரோலண்ட் சூஸோ ரிக்டர் 2001இல் ‘டெர் டுன்னெல்’ என்று எடுத்தார். விறுவிறுப்பான படம், அதில் குறையில்லை.

காசு கொடுத்து எடுத்தது சரியா என்று அன்றே கேட்டார்கள். அந்தக் காசு இல்லாவிட்டால் 29 பேர் வந்திருப்பார்களா என்றும் கேட்கலாம். எனக்கு இதில் தெளிவான பதில் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே ஆகஸ்டில் இந்த ஆட்கள் உதவப்போன இன்னொரு சுரங்கம் காட்டிக்கொடுக்கப்பட்டு, தப்பிக்க வந்த பலர் கைதானார்கள். காட்டிக்கொடுத்தவர் கூடவே இருந்து வேலை செய்த ஒரு முடிதிருத்துநர். கேமரா மண்ணைத் தோண்டுவதைக் காட்டிவிடும். பக்கத்தில் நின்று மண் அள்ளுகிறவன் யார் என்று அதற்குத் தெரியாது. 1989இல் ஸ்டாசியில் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். சம்பளப் பட்டியலில் இல்லாத உளவாளிகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். நாட்டின் மக்கள்தொகையோ ஒன்றரைக் கோடிக்குச் சற்று அதிகம். எல்லை ஊருக்குள்ளேயே, சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்திருந்தது.

அதனால்தான் பலூனும் சுரங்கமும் இல்லாத ஒரு படத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறேன். கிறிஸ்டியான் பெட்சோல்டின் ‘பார்பரா’, 2012. பெட்சோல்டின் பெற்றோர் கிழக்கிலிருந்து வந்தவர்கள். கதை நடப்பது 1980இல். நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டதற்குத் தண்டனையாக, பெர்லின் மருத்துவர் ஒருத்தியைப் பால்டிக் கடலோரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுகிறார்கள். மேற்கு ஜெர்மனிக் காதலன் அவள் கடல் வழியே தப்ப ஏற்பாடு செய்கிறான். கிழக்கு ஜெர்மனி என்றாலே சாம்பல் நிறம் பூசும் வழக்கம் இந்தப் படத்தில் இல்லை. மரங்கள் பச்சையாக இருக்கின்றன, காற்று அடிக்கிறது, நீனா ஹோஸ் சைக்கிள் மிதித்துப் போகிறார். அழகான ஊர். அந்த ஊரில் யார் அன்பாகப் பேசினாலும் அவள் உடம்பு விறைக்கிறது. கூட வேலை பார்க்கும் ஆந்த்ரே நல்ல மருத்துவன், நல்ல மனுஷன். அவளைக் கண்காணித்து அறிக்கை கொடுக்க வேண்டியவனும் அவன்தான். அதை அவனே ஒருவிதமாகச் சொல்லியும்விடுகிறான்.

தப்பிக்க வேண்டிய இரவில், கட்டாய உழைப்பு முகாமிலிருந்து ஓடிவந்த ஸ்டெல்லா என்ற கர்ப்பிணிப் பெண் பார்பராவின் வாசலில் வந்து நிற்கிறாள். படகில் இருப்பது ஒரே இடம். பார்பரா அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அதில் ஏற்றிவிடுகிறாள். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு திட்டம் போட்டு, பணத்தை ஒளித்துவைத்து, அவமானகரமான சோதனைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு, கடைசியில் இதற்கா? ப்ளானைப் போட்டால் முடிக்க வேண்டாமா என்கிற என் மூளை.

பார்பரா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறாள். ஒரு பையனின் படுக்கையருகே ஆந்த்ரே உட்கார்ந்திருக்கிறான். அவள் இனி வரமாட்டாள் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போய் உட்காருகிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நடுவில் பையன் தூங்குகிறான்.