தரிசு நிலத்தின் விலை

லத்தீன் அமெரிக்க எழுத்தோடு பழக்கமுள்ள தமிழ் வாசகருக்கு வாழைத்தோட்டக் கம்பெனி புதிய செய்தி அல்ல. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் ரயிலேறி வந்து மகோந்தாவைத் தலைகீழாக்கிப் போகும் கம்பெனியை நாம் அறிவோம். 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனாகாவில், வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டுக் கொன்ற நிகழ்ச்சியே அந்நாவலுக்குள் புகுந்திருக்கிறது. பாப்லோ நெரூதா அந்தக் கம்பெனியின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதினார். குவாத்தமாலாவின் மிகேல் ஆங்கெல் அஸ்தூரியாஸ் 1950 முதல் 1960 வரை மூன்று நாவல்களை வாழைத்தோட்டங்களுக்கென்றே ஒதுக்கினார். இத்தனை பெரிய எழுத்தாளர்களை எழுதவைத்த அந்த நிறுவனம் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி.

இவ்வெழுத்துகளின் வழியே நம் மனத்தில் தங்கியிருப்பவை கம்பெனியின் கொடுமையும் பலியானவர்களின் துயரமும். கம்பெனிக்கு எதிரே நின்ற சிறு விவசாயிகள் என்ன செய்தார்கள் என்பது நம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை. குவாத்தமாலாவில் 1952க்கும் 1954க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் அவர்கள் செய்தது பார்வைக்கு மிகச் சாதாரணமான காரியம். அவர்கள் மனு எழுதினார்கள். ஒரு வல்லரசின் உளவுத்துறை நடவடிக்கையில் போய் முடிந்த கதையின் நடுவே அந்த மனுக்கள் இருக்கின்றன.

*

கம்பெனி பிறந்த விதத்திலிருந்து தொடங்குவோம். 1871இல் கோஸ்தா ரிக்காவில் ரயில்பாதை போடும் வேலை ஆரம்பமானது. அதை முன்னின்று நடத்திய மைனர் கீத் என்ற அமெரிக்கர் தண்டவாளத்தின் ஓரமாக வாழை பயிரிட்டார். ரயிலை நட்டத்திலிருந்து காப்பாற்றியது அந்த வாழைதான். 1899இல் கீத்தின் தொழிலும் பாஸ்டன் ஃப்ரூட் கம்பெனியும் இணைந்து யுனைடெட் ஃப்ரூட் உருவாயிற்று. 1904இல் குவாத்தமாலாவின் சர்வாதிகாரி எஸ்த்ராதா கப்ரேரா அட்லாண்டிக் பக்கத்து ரயில்பாதையைக் கீத்திடம் ஒப்படைத்தார். 1936இல் இன்னொரு சர்வாதிகாரியான ஹோர்ஹே உபிகோ, பசிபிக் கரையிலும் கம்பெனிக்கு இடம் கொடுத்துத் தாராளமான வரிச்சலுகைகளை வழங்கினார்.

விளைவாக, அட்லாண்டிக் கரையின் புவெர்த்தோ பாரியோஸ் துறைமுகம் கம்பெனியின் பிடியில் இருந்தது. அந்தத் துறைமுகத்துக்குச் செல்லும் ஒரே ரயில்பாதையும் அதன் ஆதிக்கத்தில். பழங்களை ஏற்றிச்செல்லும் கப்பல்களும் அதற்கே சொந்தம். காப்பி விளைவித்த உள்ளூர்க்காரரும் கம்பெனியின் பாதை வழியாக, கம்பெனி கேட்ட கட்டணத்தைக் கொடுத்துத்தான் தம் சரக்கை வெளியே அனுப்ப வேண்டும். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'எல் புல்போ', அதாவது எட்டுக்கால் கணவாய்.

கம்பெனியிடம் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ஏக்கர் நிலம் இருந்தது. அதில் 85 சதவீதம் தரிசு. இதற்குக் கம்பெனி ஒரு காரணம் சொன்னது. பனாமா வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சை மண்ணில் புகுந்துவிட்டால், அக்காலத்தில் பயிரான 'க்ரோ மிஷேல்' வகை வாழை அங்கே மீண்டும் வளராது. தோட்டத்தைக் கைவிட்டுப் புது நிலத்துக்குப் போக வேண்டும். எனவே கையிருப்பு நிலம் அவசியம். இது பொய்யல்ல. ஆனால் அந்தத் தரிசுக்கு வேறு பயன்களும் இருந்தன. போட்டியாளர் யாரும் அங்கே பயிரிட முடியாது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைக்காத குடியானவர், கம்பெனியிடமோ காப்பித் தோட்டத்திலோ கூலிக்குப் போயே தீர வேண்டும்.

கூலிக்குப் போக வைப்பதற்குச் சட்டமும் இருந்தது. உபிகோ 1934இல் கொண்டுவந்த 'நாடோடித் தடுப்புச் சட்டம்', போதிய நிலமில்லாத கிராமத்தவர் ஆண்டுக்கு 100 அல்லது 150 நாட்கள் பிறர் தோட்டத்தில் வேலை செய்தாக வேண்டும் என்றது. வேலை செய்த நாட்களைக் குறித்த சிறு புத்தகத்தை அவர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். கணக்குக் குறைந்தால் தண்டனை. மாயா இனத்துக் குடியானவர் அரசாங்கக் காகிதத்தை அறிந்தது இப்படித்தான்: தம்மைப் பற்றிப் பிறர் எழுதிய கணக்காக.

*

1944இல் உபிகோ வீழ்ந்தார். ஹுவான் ஹோசே அரேவலோ என்ற கல்வியாளர் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானார். கட்டாய வேலை ஒழிந்தது. 1947இல் தொழிலாளர் சட்டம் வந்தது. 1951இல் பதவியேற்ற ஹகோபோ ஆர்பென்ஸ் நிலத்தின் பக்கம் திரும்பினார். 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நில உடைமையாளர்களில் சுமார் 2 சதவீதத்தினர் விளைநிலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள்.

1952 ஜூன் 17 அன்று '900ஆம் ஆணை' எனப்படும் நிலச்சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதன் மிதத்தைக் கண்டு இன்றைய வாசகர் வியக்கக்கூடும். பயிரிட்ட நிலத்தை அது தொடவில்லை. ஏறத்தாழ 90 ஹெக்டேருக்குக் குறைவான பண்ணைகளுக்கு முழு விலக்கு. 270 ஹெக்டேர் வரையுள்ள பண்ணையில் மூன்றில் இரண்டு பங்கு பயிராகியிருந்தால் அதற்கும் விலக்கு. எடுக்கப்படும் தரிசுக்கு 3 சதவீத வட்டியுடன், 25 ஆண்டுகளில் முதிரும் அரசுப் பத்திரம் ஈடாகத் தரப்படும். நிலம் பெற்றவர் சொந்தமாகப் பெற்றிருந்தால் விளைச்சலில் 5 சதவீதமும், வாழ்நாள் அனுபோகமாகப் பெற்றிருந்தால் 3 சதவீதமும் ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்த வேண்டும். ஆர்பென்ஸின் சொந்த நிலத்திலேயே 1,700 ஏக்கர் இச்சட்டத்தின் கீழ் போயிற்று.

சட்டத்தின் உயிர் வேறோர் இடத்தில் இருந்தது. எந்தப் பண்ணையில் எவ்வளவு தரிசு என்பதைத் தலைநகரின் அதிகாரி வந்து கண்டுபிடிப்பதாக அது வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பேர் கொண்ட நிலக்குழு அமையும். ஒருவரை மாநில ஆளுநரும் ஒருவரை நகராட்சியும் நியமிக்க, மீதி மூவரை உள்ளூர் விவசாயிகள் அல்லது தொழிலாளர் சங்கம் தேர்ந்தெடுக்கும். நிலம் வேண்டுவோர் இக்குழுவிடம் மனு கொடுக்க வேண்டும்: இன்ன பண்ணையில், இன்ன எல்லைக்குள் இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறது என்று. குழு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும். மேல்முறையீடுகள் படிப்படியாகக் குடியரசுத் தலைவர் வரை போகும்.

பெரும்பான்மையோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். மனு எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துச் சொல்லச் சொல்ல எழுதவைக்க வேண்டும். லெயோனார்தோ கஸ்தீயோ ஃப்ளோரெஸ் என்ற பள்ளி ஆசிரியரின் தலைமையில் 1950இல் உருவான தேசிய விவசாயிகள் கூட்டமைப்பு இதில் துணை நின்றது. எந்த ஓடைக்கு அப்பால் பண்ணையார் ஏர் பூட்டியதே இல்லை என்பது அவர் வயலிலேயே வேலை செய்தவருக்குத் தெரியும். நேற்றுவரை வேலைநாள் புத்தகத்தைக் காட்டி நின்றவர், இன்று முதலாளியின் நிலத்தைப் பற்றித் தாமே ஒரு காகிதத்தில் சாட்சி சொன்னார். 1954 நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்வதற்கில்லை. சில இடங்களில் ஆணை வருமுன்பே நிலத்தில் இறங்கினார்கள். பழைய எல்லைத் தகராறுகளை வைத்து ஊரும் ஊரும் மோதிக்கொண்டன. 1953 பிப்ரவரியில் நில எடுப்பை நிறுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நால்வரை நாடாளுமன்றம் பதவி நீக்கியது. ஆர்பென்ஸை மதிப்பவர்களுக்கும் இது சங்கடமான பக்கம்.

*

1953 மார்ச்சில் கம்பெனியின் முறை வந்தது. பசிபிக் கரையில் 2,09,842 ஏக்கர் தரிசு எடுக்கப்பட்டது. அரசு தர முன்வந்த ஈடு 6,27,572 டாலர். ஏக்கருக்கு மூன்று டாலருக்குச் சற்றுக் குறைவு. இந்த விலையை அரசு கற்பனையில் போடவில்லை. வரி கட்டுவதற்காக நிலத்துக்குக் கம்பெனியே எழுதிக்கொடுத்த மதிப்பு அது. நிலவரிப் பதிவேட்டில் உடைமையாளர் எந்த மதிப்பைக் காட்டியிருக்கிறாரோ அதுவே ஈடு என்பது சட்டம்.

பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற வழக்கத்தை நாமும் நன்றாக அறிவோம். பல ஆண்டுகளாகக் குறைந்த வரி கட்டிய நிலம், கை மாறும் நாளில் திடீரென்று விலை ஏறிக்கொண்டது. 1954 ஏப்ரலில் கம்பெனியின் சார்பாக அமெரிக்க வெளியுறவுத் துறையே கடிதம் அனுப்பியது. கேட்ட தொகை 1,58,54,849 டாலர். ஏக்கருக்கு 75 டாலர். வரி கேட்டால் மூன்று, ஈடு கேட்டால் எழுபத்தைந்து. குவாத்தமாலா அரசு அந்தக் கடிதத்தை ஏற்க மறுத்தது.

கம்பெனியின் செல்வாக்கு வாஷிங்டனில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பது பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸும், உளவுத்துறைத் தலைவரான அவர் தம்பி ஆலன் டல்லஸும் முன்பு பணியாற்றிய வழக்கறிஞர் நிறுவனம் கம்பெனிக்காக வேலை செய்தது. விளம்பரக்கலையின் முன்னோடி எட்வர்ட் பெர்னேஸ் கம்பெனியின் செலவில் பத்திரிகையாளர்களைக் குவாத்தமாலாவுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். ஆனால் ஆட்சிக் கவிழ்ப்பு முழுக்க முழுக்க வாழைப்பழத்துக்காகவே நடந்தது என்ற முடிவை வரலாற்றாசிரியர் பியேரோ க்ளெய்ஹேசெஸ் ஏற்பதில்லை. ஆர்பென்ஸின் நண்பர்கள் கம்யூனிஸ்டுகள், சட்டத்தை வரைந்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது, அமெரிக்க அரசின் அச்சம் உண்மையானது என்பது அவர் வாதம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த அச்சத்துக்குச் சொற்களையும் படங்களையும் வழங்கியதில் கம்பெனியின் பங்கு சிறியதல்ல.

1954 ஜூன் 18 அன்று, அமெரிக்க உளவுத்துறை பயிற்சியும் பணமும் கொடுத்த சில நூறு பேருடன் கஸ்தீயோ அர்மாஸ் எல்லை தாண்டினார். விமானங்கள் குண்டு வீசின. ரகசிய வானொலி பெரும்படை வருவதாக அறிவித்தது. குவாத்தமாலாவின் சொந்த ராணுவ அதிகாரிகள் போரிட மறுத்தார்கள். ஜூன் 27 அன்று ஆர்பென்ஸ் பதவி விலகினார்.

கம்பெனிக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. மற்ற பண்ணையார்களுக்கும் அப்படியே. நிலம் பெற்ற குடும்பங்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டே ஆண்டுகளில் அதை இழந்தார்கள். எழுத்தறியாதோரின் வாக்குரிமை பறிபோயிற்று. கம்யூனிஸ்டுகள் என்று 70,000க்கு மேற்பட்டோரின் பெயர்ப்பட்டியல் தயாரானது. நிலக்குழுவில் இருந்தவர்களும் சங்கத்தில் சேர்ந்தவர்களும் தேடப்பட்டார்கள். நிலம் கேட்டு எழுதிய பெயர், இப்போது ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் பெயராயிற்று. ஆசிரியர் கஸ்தீயோ ஃப்ளோரெஸ் 1966 மார்ச்சில் பாதுகாப்புப் படையினரால் பிடிக்கப்பட்டுக் காணாமல் போனார். 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் சுமார் 2,00,000 பேர் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்த பலியானோரில் 83 சதவீதத்தினர் மாயா மக்கள் என்று 1999இல் உண்மை அறியும் ஆணையம் பதிவு செய்தது.

கம்பெனியும் பழையபடி இருக்கவில்லை. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த சில நாட்களிலேயே அமெரிக்க அரசு அதன்மேல் ஏகபோகத் தடுப்பு வழக்குப் போட்டது. 1972இல் குவாத்தமாலா நிலங்கள் டெல் மாண்டேவின் கைக்குப் போயின. சிகீத்தா என்ற பெயரில் தொடர்ந்த நிறுவனம், கொலம்பியாவின் துணைராணுவக் குழுவுக்குப் பணம் கொடுத்ததாக 2007இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அக்குழுவினர் கொன்றவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தருமாறு 2024இல் ஃப்ளோரிடாவில் நடுவர் குழு தீர்ப்பளித்தது.

*

நிலத்தோடு கதை முடிந்துவிடவில்லை. 2014 ஜூனில் குவாத்தமாலா நாடாளுமன்றம் புதிய தாவர வகைகளைக் காக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அமெரிக்காவுடனான தாராள வணிக ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் ஒன்று அது. பதிவு செய்யப்பட்ட விதையை அனுமதியின்றிப் பெருக்கினாலோ விற்றாலோ ஒன்று முதல் நான்கு ஆண்டு வரை சிறை. மக்கள் இதை 'மொன்சாந்தோ சட்டம்' என்று அழைத்தார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே வயலில் பயிரிட்டு, விளைந்ததில் நல்லதை எடுத்து அடுத்த பருவத்துக்கு வைத்து, அண்டை வீட்டாரோடு மாற்றிக்கொள்ளும் மாயா விவசாயிக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்பது விளக்காமலே புரிந்தது. மனிதனே மக்காச்சோள மாவால் உருவானவன் என்று சொல்லும் 'போபோல் வூ' பிறந்த மண் அது. மக்காச்சோளத்தை உடலாகக் கருதுவோருக்கும் சரக்காகக் கருதுவோருக்கும் நடக்கும் போரை அஸ்தூரியாஸ் 1949லேயே 'மக்காச்சோள மனிதர்கள்' நாவலில் எழுதியிருந்தார்.

இம்முறையும் ஆயுதம் காகிதமும் சாலையும்தான். நீதிமன்றத்தில் மனுக்கள் போயின. சோலோலாவில் மாயா சமூகங்கள் தெருவுக்கு வந்தன. அரசியல் சட்ட நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. 2014 செப்டம்பர் தொடக்கத்தில், நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, நாடாளுமன்றம் அச்சட்டத்தை முழுதாக நீக்கியது.

அறுபது ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. விவசாயத்தில் பெருநிறுவனத்தின் பலம், அது பயிரிடும் நிலத்தைவிட, பிறர் பயிரிடாதபடி அது பிடித்து வைத்திருப்பதில் அதிகம் இருக்கிறது. அன்று அது தரிசும் தண்டவாளமும் துறைமுகமும். இன்று விதையின் மீதான உரிமை. இதை முதலில் கண்டுகொள்பவர்கள் அந்த வேலிக்கு வெளியே நிற்பவர்கள்தாம்.

மார்க்கேஸின் நாவலில் படுகொலை நடந்ததையே ஊர் மறந்துவிடுகிறது. குவாத்தமாலாவில் அப்படி முற்றிலும் நேரவில்லை. 900ஆம் ஆணையின் கோப்புகள் நிலச்சீர்திருத்த அலுவலகத்தின் காப்பகத்தில் தப்பிப் பிழைத்தன. வரலாற்றாசிரியர் ஜிம் ஹாண்டி போன்றோர் அவற்றைப் படித்தே அக்கால கிராமங்களின் கதையை மீட்டெழுதினார்கள். இன்ன ஓடைக்கு அப்பால் இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறது என்று யாரோ சொல்ல, யாரோ எழுதிய வரிகள் அந்தக் கோப்புகளில் இன்னும் இருக்கின்றன.