இனிக்காத சர்க்கரை – 6: மூன்றில் ஒரு பங்கு

ஊற்றிய ஹெப்பாரினில் மூன்றில் இரண்டு பங்கு எதிலும் ஒட்டாமல் கீழே இறங்கிவிட்டது.

1976. ஸ்வீடனின் உப்சாலா நகரில் உல்ஃப் லிண்டாலின் ஆய்வகம். கண்ணாடிக் குழாய் நிறையப் பொடி மணிகளாக ஜெல். அந்த மணிகளின் மேல் ஆன்டித்ராம்பின் என்ற ரத்தப் புரதத்தைப் பிணைத்து வைத்திருந்தார்கள். ஹெப்பாரின் தனியாளாக எதையும் சாதிப்பதில்லை, ஆன்டித்ராம்பினைப் பற்றிக்கொண்டால்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் என்பது அதற்குள் தெரிந்துபோயிருந்தது. அப்படியானால் மேலேயிருந்து ஊற்றும் ஹெப்பாரின் முழுவதும் ஜெல்லிலேயே தங்க வேண்டும். தங்கியது ஒரு பங்குதான். உப்புக் கரைசலை விட்டு அதைக் கழுவியெடுத்துச் சோதித்தார்கள். மருந்தின் வீரியம் கிட்டத்தட்ட மொத்தமும் அதற்குள் இருந்தது. கீழே இறங்கிய இரண்டு பங்கு ஏறக்குறைய சக்கை.

அதே ஆண்டில் ஸ்டாக்ஹோமிலும் அமெரிக்காவிலும் இருந்த குழுக்கள் தனித்தனியே இதே முடிவுக்கு வந்து சேர்ந்தன. எனவே கை தவறிய கணக்கு என்று யாரும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

சென்ற வாரம் எங்கே விட்டோம்? 1916-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், பேராசிரியர் ஹோவெலின் மேசையில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் வைத்த பூனை ரத்தம் உறையவே இல்லை. ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போனவருக்கு அதன் பகைவனான ஹெப்பாரின் கிடைத்தது. மெக்லீனும் ஹோவெலும் அதை ஒருவகைக் கொழுப்பு என்றே எண்ணினார்கள். அது சர்க்கரைச் சங்கிலி, அதுவும் கந்தகம் ஏறிய சங்கிலி என்பது 1930-களில் ஸ்டாக்ஹோமின் எரிக் யார்ப்பஸ் சொன்ன பிறகுதான் நிலைபெற்றது. இன்சுலின் புகழ் சார்லஸ் பெஸ்ட்டின் டொரன்டோ குழு அதைச் சுத்தம் செய்து கொடுக்க, 1935-இல் மனிதர்களுக்கு ஊசியாகப் போயிற்று. அன்றிலிருந்து உப்சாலாவின் கண்ணாடிக் குழாய் வரை நாற்பது ஆண்டுகள். இதய அறுவை சிகிச்சையே இந்த மருந்தை நம்பித்தான் வளர்ந்தது. உள்ளே இருப்பது இன்னதென்று யாருக்கும் முழுதாகத் தெரியாது.

தெரியாத பொருளை எப்படி அளப்பது? எடை பார்த்துப் பயனில்லை. ஆகவே வேலையை அளந்தார்கள். சிட்ரேட் கலந்த செம்மறியாட்டு பிளாஸ்மா ஒரு மில்லிலிட்டர். அதில் கால்சியம் சேர்த்த பின் ஒரு மணி நேரம் உறையாமல் வைத்திருக்கும் அளவு, அன்றைய அமெரிக்க மருந்துநூலின் கணக்கில் ஒரு யூனிட். டயாலிசிஸ் அறையில் நர்ஸ் கையிலிருக்கும் குப்பியை எட்டிப் பாருங்கள், இன்றும் மில்லிலிட்டருக்கு 5000 யூனிட் என்றுதான் அச்சிட்டிருக்கும். இந்த ஆட்டு பிளாஸ்மா சோதனையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் வில்லனுக்குக் கதவைத் திறந்துவிடப் போவது அதுதான்.

இப்போது அந்த ஒரு பங்குக்கு வருவோம். ஒட்டிக்கொண்ட சங்கிலிகளில் அப்படி என்ன விசேஷம்?

சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கி, எந்தச் சிறு துண்டு இன்னமும் ஆன்டித்ராம்பினோடு ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். உப்சாலாவில் லிண்டால், பாரிஸில் ஷ்வாய் மருந்து ஆய்வகத்தை நடத்திவந்த ழான் ஷ்வாய். 1980-இல் லிண்டால் குழு ஒரு விநோதத்தைக் கண்டது. ஒட்டும் துண்டின் நடுவே உள்ள குளுகோசமீன் சர்க்கரையில், மூன்றாம் கார்பனில் ஒரு சல்பேட். அந்த இடத்தில் சல்பேட் இருக்கும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. அடையாளம் காட்டிக்கொடுத்தது மனிதச் சிறுநீரிலிருந்து எடுத்த ஒரு என்சைம். அந்த மூன்றாம் இடத்துச் சல்பேட்டைக் கழற்றுவதே அதன் வேலை.

பாரிஸ் குழு இன்னொரு படி போயிற்று. ஆன்டித்ராம்பின் பற்றும் இடம் மொத்தமே ஐந்து சர்க்கரைகள் என்றது. ஐந்து! பன்றிக் குடலிலிருந்து வரும் சங்கிலியில் பல பத்துச் சர்க்கரைகள் கோத்துக் கிடக்கும்போது, வேலைக்கு ஐந்தே போதும் என்றால் நம்புவார்களா? நம்பவில்லை. குடலிலிருந்து பிரித்தெடுத்த துண்டில் வேறெதுவோ ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகம் தீரவில்லை. வாயடைக்க வழி ஒன்றே. பன்றியே இல்லாமல் அந்த ஐந்தையும் ஆய்வகத்தில் கோத்துக் காட்ட வேண்டும்.

அன்றைக்கு இது துணிச்சலா பைத்தியக்காரத்தனமா என்று சொல்வது கடினம். ஒரு சர்க்கரையில் நான்கைந்து ஹைட்ராக்சில் கைகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், எல்லாமே வினைபுரியத் துடிக்கும். குறிப்பிட்ட ஒரு கை மட்டும் அடுத்த சர்க்கரையைப் பிடிக்க வேண்டும், அதுவும் மேலா கீழா என்ற திசை தவறாமல். ஆகவே மற்ற கைகளை மூடி வைக்க வேண்டும். சுவருக்கு வர்ணம் அடிக்க வருபவர் முதலில் ஸ்விட்ச் போர்டில் காகிதம் ஒட்டுவாரே, அதே வேலை. பாரிஸ் குழுவின் மாரிஸ் பெத்திதூவும், ஓர்லேயான் நகரில் பியர் சினாயும் ழாக்கினேயும் போட்ட திட்டத்தின் அழகு, காகிதத்தை வகை பிரித்து ஒட்டியதில் இருக்கிறது. கடைசியில் சல்பேட் ஏற வேண்டிய கைகளுக்கு அசிட்டைல் மூடி. சும்மா இருக்க வேண்டிய கைகளுக்குப் பென்சைல் மூடி. நைட்ரஜன் இருக்கும் இடத்துக்கு அசைடு. முதல் மூடியைக் கழற்று, சல்பேட் ஏற்று. ஹைட்ரஜன் விட்டு அடுத்ததைக் கழற்று, நைட்ரஜனிலும் சல்பேட் ஏற்று. காகிதத்தில் எழுதினால் நான்கே வரி. செய்து முடிக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட வினைகள். ஐந்தில் ஒன்றான இடுரோனிக் அமிலத்தை விலைக்கு வாங்க வழியில்லை. குளுகோஸிலிருந்து அவர்களே செய்துகொண்டார்கள்.

கரை தெரியும்போது படகு ஆடியது. கடைசி மூடிகளைக் கழற்றியதும், ஒரு மூலக்கூறின் திறந்த முனை பக்கத்து மூலக்கூறின் நைட்ரஜனைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அத்தனை பாடுபட்டுக் கோத்த ஐந்துகள் பத்தாகவும் பதினைந்தாகவும் பின்னிக்கொண்டன. கைக்கு வந்தது சொற்பம். ஆனால் அந்தச் சொற்பமே போதுமானதாக இருந்தது. 1983-இல் அது ஆன்டித்ராம்பினை இறுகப் பற்றியது. மூன்றாம் இடத்துச் சல்பேட் இல்லாமல் செய்த இரட்டைப்பிறவி, பற்ற மறுத்தது. வாதம் முடிந்தது.

பின்னல் தொல்லைக்குப் பிறகு கிடைத்த வைத்தியம் சிரிப்பூட்டும் அளவுக்கு எளிது. திறந்த முனையில் ஒரு மெத்தில் தொகுதியை மாட்டி அடைத்துவிட்டார்கள். ஐந்து சர்க்கரை, எட்டுச் சல்பேட், ஒரு மெத்தில். சனோஃபியும் நெதர்லாந்தின் ஆர்கனானும் சேர்ந்து அதை மருந்தாக்கின. 2001 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. பெயர் ஃபாண்டாபாரினக்ஸ். இடுப்பு, முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் காலில் ரத்தம் கட்டாமல் இருக்க நாளுக்கு ஒரு ஊசி, 2.5 மில்லிகிராம். யூனிட் கிடையாது, ஆட்டு பிளாஸ்மா கிடையாது. உள்ளே இருப்பது ஒரே மூலக்கூறு, அதன் ஒவ்வொரு அணுவும் இன்ன இடத்தில் என்று தெரியும்.

கதை இங்கே சுபம் என்று முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஐந்து கண்ணிகள் உறைதலின் ஒரு படியை, பத்தாம் காரணியை, மட்டும்தான் அடக்கும். த்ராம்பினையும் சேர்த்து அடக்கப் பதினெட்டுச் சர்க்கரை நீளமாவது வேண்டும். தவிர, ஃபாண்டாபாரினக்ஸ் உடம்பில் ஏறினால் பாதி வெளியேறவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரத்துக்கு முறிக்க மருந்தில்லை. பழைய ஹெப்பாரினையோ புரோட்டமின் ஊசி போட்டு நிமிஷங்களில் முறித்துவிடலாம். இதயத்தைத் திறந்து வைத்திருக்கும் சர்ஜன் எதைக் கேட்பார்? பன்றிக் குடல் ஹெப்பாரினைத்தான். டயாலிசிஸ் அறையிலும் அதுவே.

அந்தக் குடல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தன. 2006, 2007-இல் அங்கே நீலக்காது நோய் பரவிப் பன்றிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. சரக்கு குறைந்தது, விலை ஏறியது.

2008 ஜனவரி 7. அமெரிக்காவின் மிசௌரி மாநில சுகாதாரத் துறையிலிருந்து அட்லாண்டாவின் நோய்த் தடுப்பு மையத்துக்கு ஒரு தகவல் போகிறது. செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், டயாலிசிஸ் தொடங்கிய சற்று நேரத்தில் குழந்தைகளுக்கு முகம் வீங்குகிறது, நாடி பறக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. கருவியா, குழாயா, தண்ணீரா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கிறார்கள். மற்ற மாநிலங்களிலிருந்தும் இதே செய்தி வரத் தொடங்க, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பொருள் நிற்கிறது: பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஹெப்பாரின் குப்பி. மூலப்பொருள் சீனாவின் சாங்ஜோ ஆலையிலிருந்து வந்தது. ஆட்டு பிளாஸ்மா சோதனையில் தேறிய பிறகே விற்பனைக்குப் போன குப்பிகள் அவை.

இதைத் துப்புத்துலக்க அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் எம்.ஐ.டி. பேராசிரியர் ராம் சசிசேகரன். இவருடைய தந்தை வி. சசிசேகரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து புகழ்பெற்ற ராமச்சந்திரன் வரைபடத்தை 1963-இல் வெளியிட்ட மூவரில் ஒருவர். அப்பா புரதங்களின் மடிப்பைக் கணக்கிட்டார். மகன் சர்க்கரைச் சங்கிலிகளின் பின்னால் போனார்.

சந்தேகத்துக்குரிய குப்பிகள் காந்த அதிர்வுக் கருவிக்குள் போயின. ஹெப்பாரினின் அசிட்டைல் தொகுதி வரைகோட்டில் 2.04 என்ற இடத்தில் ஒரு முகடு காட்டும். காட்டியது. அதன் பக்கத்திலேயே, 2.16-இல், இன்னொரு முகடு எழுந்து நின்றது. ஹெப்பாரினில் அந்த இடத்தில் எதுவும் இருக்கக் கூடாது.

குப்பிக்குள் இன்னொரு சர்க்கரை இருந்தது. ஆட்டு ரத்தத்தை ஏமாற்றத் தெரிந்த சர்க்கரை. இயற்கையில் எந்தப் பிராணியின் உடம்பிலும் அப்படியொன்று அதுவரை அறியப்படவில்லை. அப்படியானால் அதைச் செய்தது யார்?

(தொடரும்)