கொச்சிக்கால்

மிளகாலும் துறைமுகத்தாலும் உலகப் புகழ் எய்திய கொச்சி நகர், ஒரு நோய்க்கும் தன் பெயரை ஈந்தது. நாம் யானைக்கால் என்றும் மலையாளிகள் மந்து என்றும் வழங்கும் நோயை ஆங்கில நூல்கள் ‘கொச்சிக்கால்’ என்று குறித்தன. நம் கும்பகோணமும் இந்நோய்க்குப் பேர்போனதே.

இது எவ்வாறு வருகிறது என்பதை நெடுங்காலம் எவரும் அறிந்திலர். மயிலாப்பூரில் புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழியினர்க்கு நேர்ந்த சாபம் இது என்று பழைய ஐரோப்பியப் பயணிகள் எழுதி வைத்தனர். 1877-இல் சீன நாட்டின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர், நோயாளியின் குருதியிலுள்ள நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். கொசுக்கடியே நோயைப் பரப்புகிறது என்பது 1900-இல் தெளிவாயிற்று. சாபம் மறைந்து சாக்கடை புலப்பட்டது.

மட்டாஞ்சேரியின் தெருக்களில் நடப்போர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். நிலமோ கடல் மட்டத்தை ஒட்டியது, வீடுகளோ நெருங்கியவை. வடிய வழியின்றித் தேங்கும் அழுக்கு நீரே இந்நோய் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவிற்குத் தொட்டிலாகும்.

1955-இல் தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் தொடங்கப் பெற்றது. இப்புழுக்கள் இரவிலேயே குருதியில் மிகுதியாக உலவுவன. ஆதலின் சுகாதார ஊழியர்கள் இரவு வேளையில் வீடு வீடாகச் சென்று விரல்நுனியிற் குருதி எடுக்கலாயினர். நோயாளி மருத்துவமனையை நாடிய நிலை மாறி, மருத்துவம் தெருவிற்கு வந்தது.

கொச்சிக்குத் தெற்கேயுள்ள சேர்த்தலையில் நோய் பரப்புவது வேறொரு கொசு. அதன் புழு, குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றி மூச்சுவிடும். 1986-இல் புதுவையிலுள்ள கொசு ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே பணி தொடங்கினர். செடியை அகற்றுக என்று கட்டளையிடுவதோடு அவர்கள் நின்றாரல்லர். அகற்றிய குளத்தில் மீன் வளர்க்கலாம் என்று காட்டினர். மாணவர்களும் ஊராரும் இயக்கமாகத் திரண்டனர். வருவாய் தரும் குளத்தைத் தூய்மையாக வைக்க எவர்க்கும் உபதேசம் வேண்டுவதில்லை அன்றோ!

2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை அனைவர்க்கும் மாத்திரை வழங்கும் திட்டம் நடைபெறலாயிற்று. இளங்குழந்தைகள், கருவுற்றோர், கடும் நோயுற்றோர்க்கு மட்டுமே விலக்கு. “எமக்கு நோயில்லையே, மாத்திரை எதற்கு?” என்று பலர் வினவுவர். வீக்கமே தோன்றாதவர் உடலிலும் புழு இருக்கக்கூடும். அவரைக் கடித்த கொசு அண்டை வீட்டாரைக் கடிக்கும். நாம் விழுங்கும் மாத்திரை பிறர்க்குமாம்.

முன்னரே கால் வீங்கியோர்க்கும் வழியுண்டு. நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கின் ஈரம் போகத் துடைத்து, அமரும்போது காலை உயர்த்தி வைத்தல் வேண்டும். இவற்றால் காய்ச்சலும் வேதனையும் குறையும். அவரை விலக்காது உதவுவது வீட்டாரின் கடன்.

அயல் மாநிலத்தில் வாழும் நாம், தெருச் சாக்கடையை ‘இவ்வூரார் பொறுப்பு’ என்று எண்ணிவிடுதல் இயல்பு. கொசு நம் மொழியைக் கேட்பதில்லை. சுகாதார ஊழியர் அவ்வூர் மொழியில் அழைத்துக் கதவைத் தட்டும்போது, நாம் தயங்காது திறப்போமாக.