துணை நின்ற வீரரும் பொதுக் கௌரவமும்

தன் தாய்ப்படையை விட்டுப் பிறிதோர் அணிக்குத் துணையாகச் சென்று போர்புரியும் வீரனுடைய பராக்கிரமம், அவ்வணியின் கீர்த்திக்குள் மறைந்துபோவதே பெரும்பாலும் வழக்கமாயிருத்தலின், அத்தகையோரைப் பொதுமக்கள் போற்றுதற்குரிய முறை யாதென ஆராய்தல் அவசியமாகின்றது. விருதுநகரை அடுத்த ஆமத்தூர் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து செலுத்திய கைகளின் பெயர் பெட்டியின் லேபிளில் ஏறாததைக் கண்டு பழகிய நமக்கு இந்த மறதி புதிதன்று.

2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நிகழ்ந்த மோதல், 16-ஆம் பிகார் படையின் பெயராலேயே பெரிதும் பேசப்படுகின்றது. ஆயினும், அன்று உயிர்நீத்தோருள் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி, 81-ஆம் பீரங்கிப் படையினர். காயமுற்ற முப்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளித்துத் தாமும் மாண்ட நாயக் தீபக் சிங், மருத்துவப் படையினர். இருவருக்கும் வீர சக்கரம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. துணைநின்றோரைத் தனியே கௌரவித்தலால் தலைமை அணியின் புகழ் சிறிதும் குறையாது என்பதற்கு இதுவே பிரத்தியட்சப் பிரமாணம்.

இதற்கு மாறானது, 1962 நவம்பரில் திபெத்தியரைக் கொண்டு அமைக்கப்பெற்ற சிறப்பு எல்லைப் படையின் சரித்திரம். மேஜர் ஜெனரல் சுஜன் சிங் உபான் தலைமையில் 1971-இல் சிட்டகாங் மலைப்பகுதியில் இந்திய சேனைக்குத் துணையாகப் போரிட்டுப் பலரை இழந்த அப்படை, அமைச்சரவைச் செயலகத்தின்கீழ் ரகசியமாக இயங்கியமையால், அதன் திபெத்திய வீரருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பணப்பரிசே; ஊரறிந்த புகழன்று. 2020 ஆகஸ்டு இறுதியில் பாங்காங் ஏரியருகே கண்ணிவெடியில் இறந்த அப்படை வீரர் நியிமா டென்சினுக்குச் செப்டம்பர் 7-ஆம் நாள் லேயில் இறுதிச்சடங்கு நிகழ்ந்தபோதுதான், இந்தியக் கொடியும் திபெத்தியக் கொடியும் சேர்ந்து போர்த்திய பேழையின் வாயிலாக அப்படையின் தியாகம் நாட்டுக்குப் புலப்பட்டது.

ரகசியம் காத்தலே இவர்தம் தொழிலின் உயிர்நிலை என்றும், புகழ் அதனைக் குலைக்கும் என்றும் சிலர் கூறுவர். பணியிலிருப்போர் பெயரும் நடவடிக்கையின் மர்மமும் காக்கப்பட வேண்டியவையே. ஆனால், எதிரிக்குப் பயன்படும் செய்தி வேறு, இறந்தவனுக்கு நாடு பட்ட கடன் வேறு. முன்னதைக் காத்தற்குப் பின்னதை மறுத்தல் வேண்டுவதில்லை.

செங்கம் வட்டாரத்து நடுகற்கள், வீரன் பெயரோடு அவன் எவருடைய சேவகன் என்பதையும், எதன்பொருட்டு மாண்டான் என்பதையும் ஒருங்கே பொறித்துள்ளன. அம்மரபையே நாமும் மேற்கொண்டு, நினைவுத் தூண்களிலும் பள்ளிப் பாடங்களிலும் தாய்ப்படை, துணைநின்ற அணி ஆகிய இரண்டையும் குறித்தலும், ரகசியக் காலம் கழிந்தபின் பெயர்களை வெளியிடுதலும், உரியோர் உயிரோடிருக்கும்போதே அதனைச் செய்தலும் நம் கடமையாம்.