தேவிகுளம் வகுப்பறைக்கு லினக்ஸ் வந்த வழி

நிரலாக்கம் கற்பிக்க எந்த இயங்குதளம் ஏற்றது என்பதை ஆசிரியர்களே முடிவு செய்கிறார்கள் என்று கருதப்படுகிறது. வரலாற்றைப் பார்த்தால், பல வேளைகளில் அதை முடிவு செய்தது உரிமப் பத்திரமே.

1970களில் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ், மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் அதன் ஆறாம் பதிப்புக்கு விரிவான உரை எழுதிப் பாடம் நடத்தினார். மூலத்தையும் உரையையும் சேர்த்தே பயிலும் நம் இலக்கண மரபுக்கு நெருக்கமான முறை அது. 1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பில் பாடமாக்குவதை ஏடி அண்ட் டி நிறுவனத்தின் உரிமம் தடை செய்தது. லயன்ஸின் உரை ஒளிநகல்களாகக் கைமாறிப் பரவியது. முறையாக நூலுருப் பெற்றது 1996இல்தான். இத்தடையைக் கடக்கவே ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987இல் கற்பித்தலுக்கென மினிக்ஸை உருவாக்கினார். மினிக்ஸில் பழகிய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார்.

மேலைநாடுகளில் பல்கலைக்கழகம் முன்னே சென்றது. கேரளத்தில் பள்ளிக்கூடம் முன்னே சென்றது. 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியபோது கற்பிக்கப்பட்டது விண்டோஸ். அதே ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அரசுப் பொதுத்தேர்வு ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சார்ந்திருப்பதை ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. அப்பத்தாண்டு முடிவதற்குள் பள்ளிகள் குனு/லினக்ஸுக்கு மாறின. இதனால் ரூ.3,000 கோடி மிச்சமாவதாக, அத்திட்டத்தின் வழிவந்த கைட் நிறுவனம் 2019இல் அறிவித்தது. மலைக்குக் கீழே தமிழ்நாட்டிலோ, 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன.

தேவிகுளம் வட்டத்தில் இம்மாற்றத்தின் பயன் பணக்கணக்கோடு முடிவதில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ்வழியில் பயிலும் பள்ளிகள் இங்கு உண்டு. பள்ளியில் பழகிய அதே இயங்குதளத்தை வீட்டுக் கணினியில் நிறுவிக்கொள்ள எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை; திரையைத் தமிழில் மாற்றவும் தடையில்லை. க்னோம், கேடிஇ ஆகிய திரைச்சூழல்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்க முடிந்தது அவற்றின் உரிமம் இடமளித்ததால்தான். 2000இல் தொடங்கப்பட்ட மூணாறு பொறியியல் கல்லூரிக்கு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து வருவோர், லினக்ஸைப் பள்ளியிலேயே கண்டவர்கள். இயங்குதள ஆய்வகத்தில் அவர்கள் முதலில் கற்கும் லினக்ஸ் கட்டளைகள், முன்பே அறிந்த இடத்தின் உள்ளறைகளைத் திறக்கின்றன.

லயன்ஸின் மாணவர்களுக்கு 1979இல் மறுக்கப்பட்ட மூலநிரல், இன்று தோட்டத்து மாணவிக்கும் திறந்தே கிடக்கிறது. ஆனால் திறந்திருக்கும் மூலம் தானாகப் பொருள் சொல்லாது. அதற்குத் தமிழில் உரை எழுதுவது நம் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டிய அடுத்த பணி.